வலமாகப் படித்த படக்கதை

எனக்கு எண்பத்து மூன்று வயது. நான் பெற்றது ஐந்து, ஓரகத்தி போனபின் என் கைக்கு வந்தது இரண்டு. ஆக ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஏழு பேரும் என்னைவிடப் படித்தவர்கள். ஆனால் ஒரு படத்தைப் பார்த்து இது உசத்தி, இது மட்டம் என்று சொல்வதில் எவரும் என் பக்கத்தில் நிற்க முடியாது.

யுத்தம் நடந்த வருஷங்கள். பாலக்கரையில் ஐந்து குடித்தனம் இருந்த வீட்டில் ஒரு பகுதி எங்களுடையது. மத்தியானம் வேலை ஓய்ந்ததும் பெண்கள் எல்லாரும் என் கூடத்துக்கு வருவார்கள். நான் கதை சொல்வேன். அந்த வீட்டில் எனக்கென்று இருந்த மதிப்பு அது ஒன்றுதான்.

என் வீட்டுக்காரர் ரயிலில் கார்டு. வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன் வண்டியில் விட்டுப்போன இங்கிலீஷ் படப்புத்தகத்தை ஒரு நாள் கொண்டுவந்தார். பக்கத்துக்கு நாலு கட்டம், கட்டத்துக்கு ஒரு படம். பச்சை உடுப்பும் தோளில் மஞ்சள் சால்வையுமாக ஒருவன் ஆகாயத்தில் பறந்தான். தமிழையே எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் நான். இங்கிலீஷுக்கு எங்கே போவேன்? அதனால் என்ன, படம் இருக்கிறதே. நான் பிறந்தது ஸ்ரீரங்கம். கோயில் மண்டபத்து விதானத்தில் கட்டம் கட்டமாக எழுதிய சித்திரங்களை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவள். அவற்றை வலமாகச் சுற்றிக்கொண்டே பார்க்க வேண்டும். அதே பழக்கத்தில் இதையும் பார்த்தேன். மேலே இடமிருந்து வலம், அப்படியே கீழே இறங்கி, வலமிருந்து இடம்.

அன்று மத்தியானம் கதையைச் சொன்னேன். பாலம் உடைகிறது, ரயில் வருகிறது. ஜன்னலில் ஒரு பெண் அலறுகிறாள். எங்கிருந்தோ வந்தவன் பாலத்தைத் தோளில் தாங்குகிறான். வண்டி தப்பியதும் ஒரு வார்த்தை பேசாமல் பறந்துபோகிறான்.

பின்கட்டில் இருந்தவளுக்கு வாய் சும்மா இருக்காது. அடுத்த பக்கத்தை எட்டிப் பார்த்தாள்.

"ஏன்க்கா, போனவன் இங்க இடுப்புல கைய வச்சிக்கிட்டு நிக்கிறானே?"

"நல்லது செஞ்சவன ஜனங்க சும்மா விடுமா? கையப் புடிச்சு இழுத்துட்டு வந்திருப்பாங்க."

எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். புதிதாகக் குடிவந்த டீச்சர் மட்டும் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். சர்ச்சுப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவர், தன்மையானவர்.

"தப்பா நினைக்காதீங்க. இத எழுத்து மாதிரி வரிவரியாப் படிக்கணும். அவன் பறந்து போகலைங்க. பறந்து வர்றான். அதுக்கப்புறம்தான் பாலத்தத் தாங்குறான்."

பின்கட்டுக்காரி சிரித்தாள். "அப்ப இத்தன நாளா அக்கா சொன்ன கதையெல்லாம் தலைகீழா?" எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். "சரி, நாளைக்கு மீதிய யாரு சொல்றது?" என்றும் கேட்டாள். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"டீச்சரே சொல்லட்டும். தப்பு என்னோடதுதான்" என்றேன். மாமியாரிடம்கூட நான் சொல்லாத வார்த்தை அது.

மறுநாள் கேட்கிறவர்கள் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். டீச்சர் ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் படித்து அர்த்தம் சொன்னார். ஒரு பிழை கிடையாது. ஆனால் படத்தின் பக்கம் அவர் கண்ணே போகவில்லை. பத்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்குமேல் முடியவில்லை.

"டீச்சர், வண்டி இந்தப் பக்கம் பாஞ்சு போகுது. புகையும் அதே பக்கம் முன்னால போகுதே, எப்படி?"

அவர் உற்றுப் பார்த்தார். "அட, ஆமாங்க!"

"அந்தப் பொண்ணு மூணு படத்துல அலறுறா, மூணுலயும் ஒரே மூஞ்சி. தலைமயிரு கூடக் கலையல. ஆனா சால்வைய நல்லாப் போட்டிருக்கான். காத்துல துணி எங்க மடங்கும், எங்க உப்பும்னு தெரிஞ்ச கை."

"கதை?" என்றார் டீச்சர்.

"ஊரு புகழுறப்ப இடுப்புல கைய வச்சிக்கிட்டு நிக்கிறது எனக்குப் புடிக்கல. என் கதையில வந்தவன்தான் ஒசத்தி."

"அத மட்டும் விடமாட்டீங்க" என்று டீச்சர் சிரித்தார். பின்கட்டுக்காரி என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, "அக்கா, இந்தப் படம் எப்படி?" என்று அடுத்த பக்கத்தைக் காட்டினாள். அதன்பிறகு பக்கத்தைத் திருப்பியதும் டீச்சர் முதலில் என்னிடம் காட்டுவார். நான் பார்த்துச் சொன்ன பிறகே எழுத்தைப் படிப்பார். கதை அவருடையது, படம் என்னுடையது என்று ஆயிற்று. முன்பு இருந்த மதிப்பு முழுசாகத் திரும்பியது என்று சொல்லமாட்டேன். பாதி திரும்பியது. அந்தப் பாதி யாரும் பிடுங்க முடியாத பாதி.

நான் சொல்லச் சொல்ல இதைப் பேத்தி எழுதுகிறாள். தப்பு என்னுடையது என்று சொன்ன இடத்தில் அவள் பேனா கொஞ்சம் நின்றது. பாட்டிக்கு இது வேண்டாமே என்று நினைத்திருப்பாள். கண்ணு, அதை விட்டிருந்தால் சேர்த்து எழுது. விட்டாயா இல்லையா என்று நான் காதால் கேட்க வேண்டும். முதலிலிருந்து படி.