நல்ல கேஸ்

சீழையும் ரத்தத்தையும் பார்த்துக் கறார் அக்கா முகம் சுளித்ததே இல்லை. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அந்த நர்சுக்கு மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் அது. மாணவர்களுக்குக் காட்டத் தோதான ஒரு நோயாளி கிடைத்து, பேராசிரியர் வாயிலிருந்து "நல்ல கேஸ்" என்ற சொல் விழும்போதுதான் அவள் முகம் சுளிக்கும்.

இந்த முறை நல்ல கேஸ் ஆனவன் ஒரு லாரி டிரைவர். விபத்தில் முழங்காலுக்குக் கீழே தோல் மொத்தமும் போய், தொடையிலிருந்து எடுத்து ஒட்டியிருந்தார்கள். "கட்டைத் தொடாதீங்க, ஒட்டாம போனா காலே போயிடும்" என்று சொன்னவரும் பேராசிரியர்தான். மறுநாளே மாணவர் கூட்டத்தோடு வந்து நின்றவரும் அவர்தான்.

"பிரிச்சுக் காட்டுங்க சிஸ்டர். இப்படி ஒண்ணு கிடைக்காது."

பிரித்தாள். டிரைவர் தலையணையைக் கடித்துக்கொண்டான். ஒருவன் செல்போனை நீட்டினான். பின்னால் நின்ற பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு தோழியின் காதில் ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

அன்றிரவு வீட்டில் கறார் அக்கா சோற்றுத் தட்டில் கை வைக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

"கையக் கழுவினியா இல்லையா? பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே" என்றாள் மாமியார்.

"கையக் கழுவிட்டேன் அத்தை. கண்ணைத்தான் எதுல கழுவறதுன்னு தெரியல."

காலையில் கட்டின் ஓரத்தில் எட்டிப் பார்த்தால் தோல் கறுக்க ஆரம்பித்திருந்தது.

"ஒட்டுமா அக்கா?" என்று கேட்டான் டிரைவர்.

"இன்னொரு தடவை பிரிச்சா ஒட்டாது. வேணாம்னு நீ வாயத் திறந்து சொல்லு. நான் பக்கத்துல இருக்கேன்."

அடுத்த கூட்டம் வந்தது. டிரைவர் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு வாயைத் திறந்தான். "ஐயா... இன்னைக்கு வேணாமே."

பேராசிரியர் மாணவர்களைப் பார்த்துச் சிரித்தார். "இலவசமா பாக்கறோம்ல, அதான் இந்த கொழுப்பு. பிரிங்க சிஸ்டர்."

அவள் கத்தரியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "தொடக்கூடாதுன்னு நீங்கதான் சார் சொன்னீங்க. அவனும் வேணாங்கறான். நான் பிரிக்க மாட்டேன்."

பிள்ளைகள் முன்னால் தானே குனிந்து சீழில் கை வைக்கப் பேராசிரியருக்கு மனமில்லை. முறைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். அங்கே கிடந்த பெயிண்டர், யாரும் கேட்காமலே சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கியிருந்தான். அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

தோல் ஒட்டிவிட்டது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் போயிற்று. கட்டுப் பிரித்த அன்று பேராசிரியர் காலை இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"இனி இதுல காட்ட ஒண்ணுமில்ல. வீட்டுக்கு அனுப்பிடுங்க."

டிரைவர் அவரைப் பார்த்துக் கை கூப்பினான். "நீங்க நல்லா இருக்கணும்யா."