காற்றே இல்லையாம்

என் தம்பி, குளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து ஆழ்கடல் போட்டில் சூரை மீன் பிடிக்கப் போகிறவன். பத்து பேர், ஒரு போட்டு, நாற்பது நாள். தெற்கே இறங்கி இறங்கி பூமத்திய ரேகைக்குக் கிட்டே வரை போய்விடுவார்கள். நான் தக்கலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் எடுக்கிறேன். அவன் போகிற கடலைப் பலகையில் கோடு போட்டுக் காட்டுகிறவள். அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் உண்டு. வீட்டில் எல்லோரும் அதைச் சகித்துக்கொள்கிறார்கள்.

ஒரு திங்கட்கிழமை மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது போன் அடித்தது. ஏதோ நீளமான எண். இப்போதெல்லாம் இப்படிப்பட்ட எண்களை யாரும் எடுப்பதில்லை, ஏமாற்றுக்காரர்கள் என்று பயம். நான் எடுத்தேன். தம்பி, போட்டிலிருந்த சாட்டிலைட் போனில் பேசினான்.

"அக்கா, கேக்குதா? இங்க காத்தே இல்லக்கா. ஒரு பொட்டு காத்து இல்ல. தார்ப்பாய கெட்டி வச்சிருக்கோம், ஒரு இஞ்சு அனங்கல்ல..."

அவ்வளவுதான். அறுந்துபோனது.

எனக்கு வந்தது சந்தோஷம். வேறென்ன வரும்? அந்த வாரம் எங்கள் கரையில் காற்று பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. அப்படி அடிக்கும்போது கோயில் மணி அடிப்பார்கள். பெண்கள் எல்லாம் கூடி, காற்று அடங்கவேண்டும் என்று ஜெபமாலை சொல்வார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரே எதிரி காற்று. அது இல்லையென்றால் எல்லாம் சரி.

தம்பி மனைவிக்கு உடனே போன் போட்டேன். "ஏட்டி, அங்க காத்தே இல்லியாம். தார்ப்பாய கெட்டி நெழல்ல சொகமா கெடக்கானுவ. பேடிக்காண்டாம், பயமே வேண்டாம்."

"நெசமா மைனி?" என்று அழுதாள். அன்று சாயங்காலம் கோயிலில் பத்து வீட்டுப் பெண்களுக்கும் சேதி போய்விட்டது. நன்றி சொல்லி ஜெபித்தார்கள். நானும் போயிருந்தேன். எனக்குத் தெரிந்த பாடமாயிற்றே, சும்மா இருப்பேனா? அதற்குப் பெயர் அமைதி மண்டலம், அங்கே காற்று கிடைமட்டமாக வீசாது, சூடாகி மேலே போய்விடும் என்று வாசலில் நின்று விளக்கமும் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை ஒன்பதாம் வகுப்பில் அதே பாடம் வந்தது. பாய்மரக் கப்பல்கள் அங்கே நாள்கணக்கில் நகராமல் நின்றதையும், குடிதண்ணீர் தீர்ந்து ஆட்கள் செத்ததையும் சொன்னேன். அடுத்து ஒவ்வொரு வருடமும் சொல்லுகிற வாக்கியம்: "இப்பம் எஞ்சின் வந்தாச்சு. காத்து இருந்தா என்ன, இல்லாட்டா என்ன?"

அதைச் சொல்லி முடித்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

எஞ்சின் ஓடுகிற போட்டில் இருக்கிறவன், காற்று இல்லை என்று எதற்காக அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லவேண்டும்? தார்ப்பாய் அசையவில்லை என்று எதற்காகக் கவலைப்படவேண்டும்? நிழலுக்குக் கட்டிய தார்ப்பாய் அசைந்தால் என்ன, அசையாவிட்டால் என்ன? அது நிழலுக்குக் கட்டியதல்ல. பாயாகக் கட்டியது. எஞ்சின் செத்துப்போயிருந்தது. நாலு நாளுக்கு முன்னால் என் தம்பி உயிர்ப்பிச்சை கேட்டிருக்கிறான், நான் அதை நல்ல சேதியாக ஊர் முழுக்கப் பரப்பியிருக்கிறேன். மயக்கம் போல என்று பிள்ளைகள் நாற்காலியை இழுத்துப்போட்டார்கள். நான் உட்காரவில்லை, வராந்தாவில் ஓடினேன்.

போட்டு முதலாளிக்குச் சொல்லி, மீன்துறைக்குச் சொல்லி, அங்கே மீன்பிடிக்கும் போட்டுகளோடு வயர்லெஸ்ஸில் பேசினோம். அந்தப் பக்கம் கிடந்த எங்கள் கரைப் போட்டுகள் இரண்டு தேடப் போயின. ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்டுபிடித்துக் கயிறு கட்டி இழுத்தார்கள். பத்து பேருக்கும் உயிர் இருந்தது. அந்தச் சேதி வரும் வரை தம்பி மனைவி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தாங்கியிருக்க மாட்டேன்.

தம்பி வீடு வந்து சேர்ந்த அன்று நான் போனேன். உதடு வெடித்து, கண் குழிக்குள் போய்க் கிடந்தான். மனைவி பக்கத்தில் நின்றாள். என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தான்.

"முதலாளி எடுக்கல்ல, இவ எடுக்கல்ல. நீதான் எடுத்த," என்று ஆரம்பித்தான். "வயர்லெஸ்ஸும் செத்தாச்சு, போன்ல சார்ஜ் கடைசி, எஞ்சின் நின்ன காரியத்தச் சொல்லதுக்குள்ள அறுந்துபோச்சு. ஒன் கொரலக் கேட்டதும் எனக்கு உசிரு வந்து. அக்காட்ட சொல்லியாச்சு, அவ டீச்சரு, சட்டுனு மனசிலாக்குவா, ரெண்டு நாள்ல ஆளு வரும்னு எல்லார்ட்டயும் சொன்னேன். அந்த சந்தோசத்துல, இருந்த குடிவெள்ளத்துல பாதிய எடுத்து ஆளுக்கு வயிறு நெறைய கட்டன்சாயா போட்டோம்க்கா."

"பெறவு?"

"பெறவு என்ன, மீன் ஐஸ் உருகினத குடிச்சோம். மழ கண்ணுக்கு எட்டுன தூரத்துல கொட்டும், எங்க மேல விழாது. ஆனாலும் நீ ஆள அனுப்பிட்டன்னு தெரியும். அதுனால யாரும் தளரல்ல."

பொய் சொல்ல வாய்ப்பு இருந்தது. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அது முடியவில்லை.

"எனக்கு மனசிலாவல்ல மக்கா. வெள்ளிக்கெழமதான் மனசிலாச்சு. அதுவரைக்கும் காத்து இல்லன்னு நாங்க இங்க சந்தோசமா இருந்தோம்."

நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான். கூடச் சிரிக்கச் சொல்வது போல் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் சிரிப்பு நின்றது.