மேசையில் சொல்லக் கூடாத வார்த்தை

ஊராருக்கெல்லாம் பரிமாறிவிட்டு வெறும் வயிற்றோடு வீட்டுக்குப் போகிற தொழில் என்னுடையது. நீங்களும் பரிமாறிப் பிழைத்தவர்கள் என்றால் கேளுங்கள், மற்றவர்களுக்கு இது விளங்காது.

எட்டு அயிட்டம்

இரண்டாம் உலகச் சண்டைக் காலம். தூத்துக்குடி கடற்கரையில் எங்கள் ஹோட்டல். மாடியில் கப்பல் துரைமார், கீழே வியாபாரிகள். சாப்பாட்டு அட்டையில் எட்டு அயிட்டம் எழுதியிருக்கும். குசினியில் சமைக்க இருந்ததோ மீனும் சர்க்கார் அளந்து போட்ட அரிசியும்தான். மேசையில் 'இல்லை' என்ற வார்த்தையே வரக் கூடாது, அபசகுனம் என்பது முதலாளி அண்ணாச்சியின் கட்டளை. எதைக் கேட்டாலும் "இப்ப வந்திரும்" என்பேன். இதை வீட்டில் சொன்னால் என் ஆறு வயசு மகள் செல்வி விழுந்து விழுந்து சிரிப்பாள். கோழிக் குழம்பு கேட்ட விளாத்திகுளம் மிளகாய் வியாபாரி ஒருத்தர் ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கத்தினார்: "ஏலே, வந்திரும் வந்திரும்ங்கியே, கோழி என்ன கொழும்புலேருந்து கப்பல்லயா வருது?"

வடிகஞ்சி

சோறு வடித்த கஞ்சி வேலைக்காரர்களுக்கு. அது எங்கள் ஹோட்டல் வழக்கம். அந்த மாசம் செல்விக்கு விஷக் காய்ச்சல். அரிசிக் கஞ்சி தவிர வேறு எதுவும் கொடுக்காதே என்றார் டாக்டர். ரேஷனில் கிடைத்ததோ புழுத்த சோளம். தினமும் ஒரு தூக்குச் சட்டிக் கஞ்சியில்தான் என் பிள்ளை உயிர் ஓடியது.

அதற்கும் வந்தது வினை. அட்டையில் அயிட்டம் குறைகிறதே என்று அண்ணாச்சி அந்தக் கஞ்சியில் வெங்காயத்தை வதக்கிப் போட்டு 'சூப்' என்று எழுதிவிட்டார், பாவி மனுஷன்! காலில் விழாத குறையாகக் கேட்டேன். "அட்டையில ஏத்தியாச்சுல்லா? இனி அது மேசைச் சாமான், கை வைக்காத" என்றார்.

துரை சட்டை

மறுநாள் மத்தியானம் மாடியில் ஒரு கப்பல் இன்ஜினியர் துரைக்கு அந்தச் சூப்பை நானே கொண்டுபோய் வைத்தேன். ஒரு கரண்டி வாயில் வைத்தவர் முகத்தைச் சுளித்துத் தள்ளிவிட்டார். கூட இருந்த குமாஸ்தா சிரித்துக்கொண்டே சொன்னார்: "துரை இதைச் சட்டைக்குத்தான் போடுவாராம், எடுத்துட்டுப் போ."

இப்ப வந்திரும்

எச்சில் என்று நான் பார்க்கவில்லை. குசினிக்கார மிக்கேல் அண்ணன் பார்த்தும் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார். கோப்பையில் இருந்ததைத் தூக்குச் சட்டியில் ஊற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். செல்வி நாலே மடக்கில் குடித்துவிட்டு, "இன்னும் இருக்காப்பா?" என்றாள்.

வாய் பழகிப்போயிருந்தது. "இப்ப வந்திரும், தாயி" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "ஹோட்டல்ல சொல்லுத மாதிரிச் சொல்லாதப்பா. இல்லைன்னா இல்லைன்னு சொல்லு, நான் தூங்கிருவேன்."

காசு கொடுத்துச் சாப்பிட்ட ஒருத்தரிடமும் நான் சொல்லாத அந்த வார்த்தையை, என் வாயால் முதலில் கேட்டவள் பெற்ற மகள்தான்.