சந்தனம் வைத்த கேம் பெட்டி

மாமாவின் கடையிலிருந்த அந்தக் கறுப்புப் பெட்டியின் மூடியில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. நடுவில் வைத்த குங்குமம் கருத்துப் போயிருந்தது. வீடியோ கேம் பெட்டிக்குப் பொட்டு வைத்த வேறு யாரையும் நான் பார்த்ததில்லை.

மாமா என் அம்மாவின் தம்பி. தொண்ணூறுகளின் நடுவில், கிள்ளான் பக்கம் மேருவில் பார்த்த தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, பிரிக்ஃபீல்ட்ஸில் பிள்ளைகள் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து விளையாடும் கேம் கடை ஒன்றைத் திறந்தார். நான் அப்போது பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம். தை மாதத்தில் திறப்பு விழாவுக்கு நல்ல நாள் பார்த்தாகிவிட்டது. புதிதாக வந்திருந்த அந்தப் பெட்டிக்கென்றே செய்த கேம்கள் இன்னும் வரவில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்று விற்றவரே சொன்னார். குறித்த நாளைத் தள்ளிப்போட மாமாவுக்கு மனம் வரவில்லை. வாங்கிய பெட்டிகளை வரிசையாக அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டிக் கடையைத் திறந்துவிட்டார்.

பிள்ளைகள் வந்தார்கள், பார்த்தார்கள், உதட்டைப் பிதுக்கினார்கள்.

“அங்கிள், இதெல்லாம் பக்கத்துக் கடை பழைய மெஷின்லயே இருக்கு லா. இதுக்குன்னு என்ன கேம் இருக்கு?”

“வரும்டா. கப்பல்ல வந்துக்கிட்டு இருக்கு.”

“கப்பல் கிள்ளான் துறைமுகத்துல மாட்டிக்கிச்சா அங்கிள்?”

மாமாவும் சேர்ந்து சிரிப்பார். அந்தத் தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் பால்குடம் எடுத்தார். “ஊர்ல எல்லாரும் பிள்ளை வரம் கேப்பாங்க, என் தம்பி கேம் வரம் கேக்கறான்” என்றாள் அம்மா.

பல மாதங்கள் கழித்து அவர் காத்திருந்த கேம் வந்தது. கடை வாசலில் அதன் படத்தை ஒட்டிவிட்டுத் திரும்பினார். பக்கத்துக் கடைக் கண்ணாடியில் அதே படம். பழைய மெஷினுக்கும் அது வந்துவிட்டிருந்தது. மாமா உள்ளே வந்து, வழக்கம்போல விளக்கேற்றினார். அந்தத் தீபாவளிக்குக் கடை இல்லை. தொழிற்சாலையிலும் அவரைத் திரும்பச் சேர்க்கவில்லை. உடம்பு முடிகிறவரை லோரி ஓட்டினார். அதற்குப் பிறகு எதைப் பற்றியும் அவர் ‘வரும்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை.

போன வாரம் என் மகன் வேலையை விட்டுவிட்டு வந்தான். பூச்சோங்கில் நண்பர்களோடு கேம் கடை போடப் போகிறானாம். புதுப் பெட்டியைக் கூடத்து மேசையில் வைத்து, “பொட்டு வைங்கம்மா” என்றான். இப்போது எங்களோடு இருக்கும் மாமா, நாற்காலியில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இதுக்குன்னு என்ன கேம் இருக்கு?”

“வரும் தாத்தா” என்றான் மகன்.

மாமா தலையைக் குனிந்துகொண்டார். சந்தனத்தில் தோய்த்த என் விரல் பெட்டியைத் தொடாமல் நின்றது. என்னைத் தடுத்தது பயமா, பாசமா என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை. மகன் என் கையைப் பிடித்து மூடியின்மேல் அழுத்தினான்.