நாலாவது காலடி

“வீட்டுல மொத்தம் எத்தனை பேரும்மா?”

கருவி பொருத்த வந்த எலக்ட்ரீஷியன் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். மூன்று பேர் என்றேன். அக்கா, மாமா, நான். இனி எழுதப்போவதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சேர்த்ததில்லை. அந்த வீட்டில் இருந்தவள் நான்.

படிப்பை விட்டதும் அப்பா என்னை அக்கா வீட்டில் கொண்டுவந்து விட்டிருந்தார். மாமாவுக்கு வீடு தானாக இயங்க வேண்டும் என்று ஆசை. நடைவழியிலும் அறைகளிலும் தரைக்கடியில் காலடியை உணரும் பட்டை வைத்தார்கள். அதன்மேல் ஆளுக்கொரு முறை நடந்து காட்ட வேண்டும். ‘டிங்’ என்றால் காலடி பதிவாகிவிட்டது. அதன்பிறகு யார் எந்த அறைக்குள் போனாலும், ‘டிங்’ என்று ஆளை அடையாளம் கண்டு, அவரவர் வழக்கத்தைப் படித்துக்கொண்டு விளக்கும் ஃபேனும் தானே போட்டுவிடும். “கட்டின புருஷனைவிட இதுக்குப் புத்தி ஜாஸ்தி” என்று அக்கா சிரித்தாள்.

அக்காவும் மாமாவும் நடந்து காட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்கள். கடைசியாக நான் நடந்தேன். எலக்ட்ரீஷியனுக்கு டீ போட உள்ளே போனேன். பால் பொங்கும் நேரம்... இன்னொரு ‘டிங்’. சோதித்துப் பார்க்கிறார் போல என்று விட்டுவிட்டேன்.

பத்தாம் நாள் மாமா போனை நீட்டினார். தினமும் பகல் 3.17க்கு, நான் தூங்கும் பின்னறையில் இரண்டு பேர் இருப்பதாகக் காட்டியது.

“வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேன். பகல்ல யாரு வர்றா?”

யாரும் வரவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. இன்னொரு முறை காட்டினால் அப்பாவிடமே திருப்பி அனுப்பிவிடுவதாகச் சொன்னார். அக்கா என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் எல்லாக் கதவையும் தாழிட்டேன். இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். பின்னறைக்குப் போனேன். டிங். எனக்காக விளக்கு எரிந்தது.

3.17.

டிங்.

விளக்கு அணைந்தது.

எழுந்து நடந்தேன். டிங். எரிந்தது. பின்னாலேயே... டிங். அணைந்தது.

அதற்கு வெளிச்சம் பிடிக்கவில்லை. வீடு அதையும் படித்துவைத்திருந்தது.

விடுமுறை நாளில், பகல் மூன்று மணிக்கு, மாமா எலக்ட்ரீஷியனை வரவழைத்தார். என்னைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான். வந்தவர் மாமாவின் போனை வாங்கிப் பார்த்தார்.

“நாலு பேரும் சரியாத்தானே சார் இருக்கு?”

“நாலா?”

“நீங்க போனப்புறம் இந்தப் பொண்ணு டீ போடப் போச்சு. பின்னறை வாசல்ல ஒருத்தங்க கூச்சப்பட்டு நின்னாங்க. கணக்குல விட்டுட்டாங்க போலன்னு பாவமா இருந்துச்சு. நீங்களும் நடங்கன்னு நான்தான் கூப்பிட்டேன்.”

மாமா போனைப் பிடுங்கி விரலால் தள்ளிக்கொண்டே போனார். மூன்று பேர் வெளியே போன நேரங்கள் வரிசையாக இருந்தன. நாலாவது ஆள் வாசலைத் தாண்டியதாக ஒரு பதிவுகூட இல்லை... முதல் நாளிலிருந்தே.

டிங்.

நடைவழி விளக்கு அணைந்தது.

எலக்ட்ரீஷியன் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பையைக்கூட எடுக்காமல் வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.