கதவு தட்டியவளுக்கு அம்மா சொன்ன பதில்

குழந்தைக்குக் காய்ச்சல் விட்டு இரண்டு நாள்கூட ஆகியிருக்காது. சென்னை இசைக் கல்லூரியில் என்னோடு படித்த தோழி போன் செய்தாள். நான் வயலின், அவள் செல்லோ. படிப்பு முடிந்து நான் கல்யாணம், குழந்தை என்று போர்ட் பிளேருக்கே திரும்பிவிட்டேன். அவள் இசையமைப்பாளர் ஆகிவிட்டாள்.

போருக்கு எதிராக ஓர் ஆல்பம் செய்கிறாளாம். கோஷம் கிடையாது, கவிதை கிடையாது. போரில் ஆளை இழந்த பெண்கள் அவரவர் மொழியில், அவரவர் வழக்கப்படி அழும் அழுகையை வாங்கி, அதன் அடியில் நரம்புக் கருவிகளை மட்டும் வைக்கிறாள். பல நாடுகளிலிருந்து வந்துவிட்டதாம். "தமிழ்ல உங்க அம்மாதான் பாடணும்," என்றாள். அம்மாவின் ஒப்பாரியைப் பற்றி விடுதியில் நான்தான் அவளிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

அம்மா இலங்கையின் மலைத்தோட்டத்தில் பிறந்தவள். சிறுமியாகக் குடும்பத்தோடு கப்பலேறி, கடைசியில் நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தாள். மூத்த அண்ணனுக்கு மட்டும் அப்போது இந்தியா வரக் காகிதம் கிடைக்கவில்லை. பின்னால் வருகிறேன் என்றவர் வரவே இல்லை. மலையில் கலவரம் வந்தபோது வடக்கே போய் அங்கேயே குடும்பமாகிவிட்டார். அங்கே போர் முடிந்த பிறகு அவரைப் பற்றிச் சேதி எதுவும் இல்லை. அவர் இருக்கிறாரா இல்லையா என்று எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே இரண்டு நாளைக் கடத்தினேன். தோழி மறுபடி அழைத்தபின், குழந்தையைப் பார்த்துக்கொள்ள போர்ட் பிளேரின் கராச்சர்மாவில் எங்களோடு வந்து தங்கியிருந்த அம்மாவிடம், துணி மடிக்கும்போது பேச்சை எடுத்தேன்.

"காசு குடுத்து ஒப்பாரி வாங்குற ஊராடி ஒங்க மெட்ராசு?" என்று சிரித்தாள்.

"காசுக்கு இல்லம்மா. சண்ட வேணாம்னு சொல்றதுக்கு."

"ஒப்பாரி கேட்டா குண்டு போடுறவனுக்குக் காது வலிக்குமாக்கும்." ஒரு சட்டையை உதறினாள். "சரி, யாருக்குன்னு பாடச் சொல்ற?"

"மாமாவுக்கு" என்று வாயில் வந்துவிட்டது.

அம்மாவின் கை நின்றது. "ஒம் மாமன் செத்துட்டான்னு ஒனக்கு யாரு சொன்னா?"

நான் அதோடு விட்டிருக்க வேண்டும். விடாமல், "சுனாமியில போனவங்களுக்குப் பாடுனியேம்மா. அவங்க ஒடம்பும்தான் கெடைக்கல," என்றேன். அப்போது நான் சின்னப் பெண். நிவாரண முகாமின் தகரக் கொட்டகையில் குடும்பம் குடும்பமாக அம்மாவைக் கூப்பிட்டு அழச் சொன்னது நினைவிருக்கிறது.

"கடலு இழுத்துட்டுப் போனத இந்த ரெண்டு கண்ணால பாத்தேன் புள்ள. இவன யாரு பாத்தா? பாக்காத சாவுக்கு ஒப்பாரி வச்சா நாமளே கொன்ன மாதிரி. அதும் பால்குடிப் புள்ள இருக்கிற வூட்டுல." மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அம்மா மாட்டேன் என்கிறாள் என்று தோழிக்கு எழுதினேன். அவள் வற்புறுத்தவில்லை. "நீயாவது வயலின் வாசி" என்று வேறொரு பெண்ணின் பதிவை அனுப்பினாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷப்பட்டதே தப்போ என்றும் இருந்தது.

அடுத்த நாள் மதியம் குழந்தை தூளியில் தூங்கியது. அம்மா சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மடிக்கணினியில் அந்தப் பதிவை ஓடவிட்டு, நான் வாசிப்பதைப் பதிய போனை ஆன் செய்து ஜன்னலில் வைத்தேன். மாதக்கணக்கில் தொடாத வில் முதலில் கீச்சிட்டது. குழந்தை எழுந்துவிடுமோ என்று நிறுத்தினேன். அந்தப் பெண்ணின் குரல் மட்டும் ஓடியது.

அம்மா ஈரக்கையோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

"யாரு இது?"

"சண்ட நடக்குற ஊர்ல ஒரு அம்மா. குண்டு விழுந்து மகன் போயிட்டான்."

"என்னா பாச?"

"எனக்கும் தெரியலம்மா."

கொஞ்ச நேரம் கேட்டாள். "கூட ஒருத்தியும் அழலியா?"

"இல்ல. தனியா உக்காரவச்சு எடுத்திருக்காங்க."

"தனியாவா?" என்றாள், யாரையோ பட்டினி போட்டுவிட்டார்கள் என்பதுபோல.

எங்கள் ஆட்களிடம் தனியாக அழுவது என்பது இல்லை. ஒருத்தி அழ ஆரம்பித்தால், உள்ளே வருகிறவள் எதிரே உட்கார்ந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு பதிலுக்கு அழ வேண்டும். கேட்டுக்கொண்டு சும்மா இருப்பது பகையாளி வேலை. அம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள். மடிக்கணினிக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்தாள்.

"மொகந்தெரியா எந் தாயே, மொழிதெரியா எந் தாயே,
ஆலம் பழுத்ததுன்னு அண்ணாந்து பாத்தியோ,
அதுக்குள்ள இடி விழுந்து அடிமரம் சாஞ்சதோ..."

அத்தனை வருடம் கழித்து அந்தக் குரலைக் கேட்டேன். எனக்குப் பயமாக இருந்தது. தூளியிலிருந்து குழந்தையைத் தூக்கி அதன் காதை என் உள்ளங்கையால் மூடினேன். அம்மாவை நிறுத்தச் சொல்லவும் வாய் வரவில்லை. அந்தப் பெண் மூச்சு வாங்கும் இடங்களில் அம்மா பாடினாள், அம்மா மூச்சு வாங்கும்போது அவள் பாடினாள்.

கதவு தடதடவென்று தட்டப்பட்டது. கீழ்வீட்டு வங்காளி ஆண்ட்டி, முக்காட்டை இழுத்துக்கொண்டு மூச்சிரைக்க நின்றாள். எங்கள் பாஷை அவளுக்குத் தெரியாது. ஆனால் இந்தச் சத்தம் எந்த வீட்டில் எதற்கு வரும் என்று தெரியும்.

"க்யா ஹுவா? கோன் குஜர் கயா?" யார் போய்விட்டார்கள் என்றாள்.

ஒன்றுமில்லை ஆண்ட்டி, வெறும் பாட்டு என்று ஹிந்தியில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா திரும்பாமலேயே சொன்னாள்.

"மேரா பாய். படா பாய்."

என் அண்ணன். அம்மா அதைத் தமிழில் ஒரு நாளும் சொன்னதில்லை.

"ஹாய் ராம். கப்?" எப்போது என்றாள்.

"பஹுத் சால் ஹோ கயா," என்றாள் அம்மா. பல வருஷம் ஆகிவிட்டது. பிறகு, "கபர் ஆஜ் மிலா." சேதி இன்றைக்குத்தான் கிடைத்தது.

ஆண்ட்டி உள்ளே வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். மடிக்கணினியில் பதிவு முடிந்துபோயிருந்தது. அம்மா அதன்பின் பாடவில்லை. சத்தமில்லாமல் அழுதாள்.

ஆண்ட்டி போனதும் அம்மா எழுந்து குளியலறைக்குப் போனாள். குழாயடியில் இரண்டு வாளித் தண்ணீரைத் தலையோடு ஊற்றிக்கொள்வது கேட்டது. ஈரத்தோடு வந்து, "நீயும் தல ஊத்திக்க. புள்ளைக்கும் ஊத்து," என்றாள்.

சாவுச் சேதி வந்த வீட்டில் செய்வதுதான். ஆனால் குழந்தைக்கு இப்போதுதான் காய்ச்சல் விட்டிருந்தது. ஊற்றினால் மறுபடி வந்துவிடுமோ, ஊற்றாவிட்டால் அம்மாவின் மனம் என்ன ஆகுமோ. வெந்நீரில் கையை நனைத்து அதன் உச்சந்தலையைத் துடைத்தேன். அது போதுமா என்று அம்மாவைப் பார்த்தேன். அவள் எங்களைப் பார்க்கவில்லை.

போன் அத்தனையையும் பதிந்திருந்தது. "அழிச்சிரட்டுமாம்மா?" என்றேன்.

"அழிச்சா மட்டும்? சொன்னது சொன்னதுதான்." தலை துவட்டிக்கொண்டே, "அனுப்பு. அவளுக்கும் கூட ஒரு ஆளு அழுத மாதிரி இருக்கட்டும்."

சில மாதங்களில் ஆல்பம் வந்தது. எங்கள் பதிவில் வயலின் இல்லை. இரண்டு பெண்களின் குரலுக்கும் அடியில் செல்லோ ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு போகிறது. கதவு தட்டும் சத்தம், ஆண்ட்டியின் கேள்வி, அம்மாவின் பதில் எல்லாவற்றையும் தோழி அப்படியே விட்டிருந்தாள். ஹார்பர் வேலையிலிருந்து வந்த என் கணவர் ஹெட்போனில் கேட்டுவிட்டு, சாப்பிடாமல் வெகுநேரம் பால்கனியில் நின்றார். பதிவை ஓடவிட்ட அன்று நானும் அந்த ஹெட்போனைப் போட்டுக்கொண்டு கேட்டிருக்கலாம். அம்மா மீனைக் கழுவி முடித்திருப்பாள். இதை எத்தனை முறை நினைத்தாலும், எது நல்லது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அம்மா ஆல்பத்தைக் கேட்க மறுத்துவிட்டாள். அழுததைத் திரும்பக் கேட்பார்களா என்றாள். போன வாரம் டிவியில் இடிந்த கட்டடங்களைக் காட்டினார்கள். மடியில் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"நீங்க அந்தப் பாட்டெல்லாம் போட்டீங்களே. சண்ட நின்னுச்சா?"

"இல்லம்மா."

கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். "அந்தப் பொம்பளைக்கு வேற புள்ள இருக்கா?"

"தெரியலம்மா."

"கேட்டு வையி."

அன்றே தோழிக்கு எழுதினேன். அவள் அங்கே யாரிடமோ கேட்டிருக்கிறாளாம். இன்னும் பதில் இல்லை.