ஸ்காட்லாந்துக் கிழவர்களும் டைம் கீப்பர் ஜெபதாசும்

ஜெபதாசைப் பற்றி எழுதச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் இந்த பிளானோவில் அவரைப் பற்றித் தப்பாக ஒரு பேச்சு கிளம்பிவிட்டது, பொறுக்க முடியாமல் எழுதுகிறேன்.

அவர் நாகர்கோவில்காரர். பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். ஒரு வண்டி தாமதமாகக் கிளம்பினால் காரணம் கேட்டுக் குடைந்து எடுத்துவிடுவாராம். அவரைத் திட்டாத டிரைவரே கிடையாதாம். மனைவி காலமான பின் மகன் பெனிஷிடம் இங்கே வந்து சேர்ந்தார். நான் மணியன், ஈரோட்டுப் பக்கம், மின்வாரியத்தில் ரிட்டயர் ஆனவன். என் கதையும் அதேதான், மகன் பெயர் மட்டும் மதன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே மூன்றே தெரு. ஆனால் நடந்து போய்விட முடியுமா? என் மருமகள் வான்மதி அவர் மருமகள் ரெனிஷாவுக்கு மெசேஜ் போட வேண்டும். ரெனிஷா காலண்டரைப் பார்த்துப் பதில் போட வேண்டும். பிறகு யாராவது காரில் கொண்டுவந்து விட வேண்டும். என் பேரன் சிநேகிதன் வீட்டுக்கு விளையாடப் போவதும் இதே ஏற்பாட்டில்தான். அவனுக்கு ஏழு வயது, எனக்கு எழுபத்திரண்டு. எரிச்சல் வருமா வராதா?

செவ்வாயும் வியாழனும் ஜெபதாஸ் வருவார். அவருடைய டெப்போ கதையும் என் டிரான்ஸ்ஃபார்மர் கதையும் சீக்கிரமே தீர்ந்துபோயின. அப்போதுதான் மதன் அந்த ஸ்காட்லாந்து காமெடித் தொடரைப் போட்டுக் கொடுத்தான். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் இரண்டு கிழவர்கள், நெடுநாள் சிநேகிதர்கள். அவர்கள் பேசிய இங்கிலீஷ் பாதிதான் புரிந்தது. ஜெபதாசின் தமிழே முதல் மாதம் எனக்குப் புரியவில்லை, இது என்ன பிரமாதம்! கீழே ஓடிய எழுத்தைப் படித்துச் சமாளித்தோம்.

டிவியில் கிழவன் வந்தால் ஒன்று இருமுவான், இல்லையென்றால் பிள்ளைகளை நினைத்து அழுவான். இவர்கள் அப்படியில்லை. வாய்க்கு வந்தபடி ஒருவரையொருவர் திட்டினார்கள், ஒன்றுமில்லாததற்கு வம்பு வளர்த்தார்கள், அப்புறம் சேர்ந்தே குடிக்கப் போனார்கள். மாத்திரை போட்டாயா என்று கேட்க ஆளில்லை. ஜெபதாஸ் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். சர்ச்சில் பயபக்தியாக உட்கார்ந்திருக்கும் மனுஷரா இவர் என்று இருக்கும். ஒரு காட்சிக்கு மட்டும் சிரிக்க மாட்டார். ஒரு கிழவர் மற்றவர் கதவைத் தட்டுவார், உள்ளே வருவார், நாற்காலியில் சாய்வார். அவ்வளவுதான்.

“பாத்தீரா வே, எதுக்கு வந்தன்னு கேக்கவே இல்ல,” என்பார்.

ஆகஸ்ட் வெயிலில் ஒரு புதன்கிழமை, யாரிடமும் சொல்லாமல் அவரே என் வீட்டுக்கு நடந்து வந்துவிட்டார். நான் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன். வாசல் மணியில் கேமராவும் ஸ்பீக்கரும் உண்டு. மணி அடித்ததும் ஆபீசில் இருந்த வான்மதி போனில் பார்த்துவிட்டு, எல்லாம் ஓகேயா அங்கிள், ஏதாவது வேணுமா என்று பதறிக் கேட்டிருக்கிறாள். ஊரையே காரணம் கேட்ட மனுஷரிடம் அன்றைக்குச் சொல்ல ஒரு காரணம் இல்லை. வீடு மாறி வந்துவிட்டேன் என்று சொல்லித் திரும்பிவிட்டார்.

அவ்வளவுதான், தீப்பிடித்துக்கொண்டது. அங்கிளுக்கு வழி மறந்துவிட்டது, ஞாபகமறதி ஆரம்பித்துவிட்டது! இனி தனியாக வெளியே போகக் கூடாது என்றார்கள். சபையின் வாட்ஸ்அப் குரூப்பில் அவருக்காக ஜெபிக்கச் சொல்லி மெசேஜ் வந்தது. டாக்டர் சோதித்துவிட்டு மூளை தெளிவாக இருக்கிறது என்றார். அப்படியென்றால் எப்படி வீடு மாறினீர்கள் என்று ரெனிஷா மறுபடியும் கவலைப்பட்டாள். பாவம், நல்ல பெண், பயந்துபோயிருந்தாள்.

அடுத்த செவ்வாயும் அவர் வரவில்லை, வியாழனும் வரவில்லை. போன் பண்ணிக் கத்தினேன். அப்போதுதான் உண்மை வந்தது.

“வேலைக்கு நடுவுல அந்தப் பிள்ள கேக்குது. சும்மா வந்தேன்னு எப்படி வே சொல்ல? வெக்கமா இருந்துச்சு.”

“அதுக்கு மறதிக்காரன்னு பேர் வாங்கிக்குவீங்களா?” என்று கேட்டு போனை வைத்துவிட்டேன்.

நானே வான்மதியிடம் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் இது அவர் வாயால் வந்தால்தான் நிற்கும். நான் சொன்னால் சிநேகிதனுக்குப் பரிந்து பேசுகிறேன் என்பார்கள். தொடரைத் தனியாகப் போட்டேன், சிரிப்பு வரவில்லை, அணைத்துவிட்டேன். இந்த ஊரில் என்னைத் திட்டுவதற்கு இருந்தது அந்த ஒரு ஆள்தான். அவரையும் வீட்டுக்குள் பூட்டிவிடுவார்களோ என்று நிஜமாகவே பயந்தேன்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் மணி அடித்தது. வாசல் மணியிலிருந்து வான்மதியின் குரல் கேட்டது.

“அங்கிள், மறுபடி வழி தவறிடுச்சா? அங்கயே இருங்க, நான் ரெனிஷாக்கு கால் பண்றேன்.”

நாற்காலியிலிருந்து எழுந்த நான் அப்படியே நின்றேன். கதவைத் திறந்து அவரைக் காப்பாற்றியிருக்கலாம், திறக்கவில்லை.

“வழி நல்லாத் தெரியும்மா,” என்றார் ஜெபதாஸ். “அன்னைக்கும் தெரியும். மணியனப் பாக்கணும்னு இருந்துச்சு. சும்மா வந்தேன்.”

கதவின் பூட்டு தானாகத் திறந்துகொண்டது. வான்மதிதான் ஆபீசில் இருந்தபடியே போனில் திறந்துவிட்டிருக்கிறாள். “உள்ள போங்க அங்கிள்,” என்றாள்.

சட்டை முதுகோடு ஒட்டியிருக்க மனுஷர் உள்ளே வந்தார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், என் நாற்காலியில் போய்ச் சாய்ந்தார். எனக்கு வந்த சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஃபேனைக் கூட்டிவிட்டு டீ போடப் போனேன். எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை.